தலைக்காயம் பட்டவர்களின் குடும்பங்களுக்கு ஊரில் ஒரு குழு: தொடங்குவதும் நடத்துவதும்

"உடம்பு தேறிடுச்சுங்க, ஆனா பழைய ஆள் இல்ல." பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவரின் வீட்டில் ஆறு மாதம் கழித்து விசாரித்தால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். தையல் ஆறிவிட்டது, நடக்கிறார், சாப்பிடுகிறார். ஆனால் காலையில் சொன்னது மத்தியானம் நினைவில் இருப்பதில்லை. குழம்பில் உப்புக் குறைந்தால் தட்டு பறக்கிறது. சிலர் இதற்கு நேர் எதிர்: "எழுந்து குளிங்க" என்று யாராவது சொல்லும்வரை கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பார்கள். மூளையின் முன்பகுதி அடிபட்டால் கோபத்தை அடக்கும் திறன் குறையும், ஒரு வேலையைத் தானாகத் தொடங்கும் திறனும் குறையும். ஊர் இதற்குத் திமிர் என்றும் சோம்பேறித்தனம் என்றும் பெயர் வைக்கிறது.

தமிழ்நாட்டில் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்குப் பிந்தைய இருபது முப்பது வருடத்தை வீடுதான் சுமக்கிறது. பல வீடுகளில் ஒரு மனைவியோ ஓர் அம்மாவோ தனியாளாக. அந்தச் சுமையில் நாலு பேர் கை கொடுக்க, ஒரு தாலுகா அளவில் குழு அமைப்பதற்கான வழிமுறை இது.

முதல் குடும்பங்களைக் கண்டுபிடிப்பது

ஐந்து குடும்பம் கிடைத்தால் தொடங்கிவிடலாம். பன்னிரண்டைத் தாண்டினால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். கூட்டம் பெருகினால் சத்தம் பெருகும், சத்தம் பெருகினால் அடிபட்ட மூளை களைத்துப்போகும்.

மருத்துவமனையில் போய் நோயாளிகளின் பட்டியல் கேட்காதீர்கள். தரக்கூடாது, தரவும் மாட்டார்கள். அரைப்பக்கச் சீட்டு ஒன்று அச்சடித்து, அதைக் குடும்பத்தாரிடம் கொடுக்கச் சொல்லி வைத்துவிட்டு வாருங்கள். வைக்க வேண்டிய இடங்கள்: மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் அறுவைப் புறநோயாளிப் பிரிவு, வலிப்பு மாத்திரை மாதாமாதம் வாங்கப்படும் மருந்துக்கடைகள், ஆரம்ப சுகாதார நிலையம், விபத்து வழக்கு பார்க்கும் வழக்கறிஞர் அலுவலகம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பிசியோதெரபிஸ்டும் கிராம சுகாதார செவிலியரும்தான் இவர்களில் முக்கியம். வெளியே வராத குடும்பங்களின் வாசல்படி ஏறுகிறவர்கள் அவர்கள்தான்.

சீட்டில் 'மூளைக் காயம்' என்று போட்டால் பாதிப் பேர் தங்களுக்கு இல்லை என்று நினைத்துவிடுவார்கள். "தலையில் அடிபட்ட பிறகு மறதி, கோபம், பேச்சுத் தடுமாற்றம், களைப்பு இருக்கிறதா? வீட்டில் பார்த்துக்கொள்பவர்களும் வரலாம்" என்று எழுதுங்கள். 'மன' என்று தொடங்கும் எந்தச் சொல்லும் முதல் சீட்டில் வேண்டாம். பக்கவாதம் வந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். சிறிய ஊரில் சேர்த்துக்கொள்வதே நல்லது. பேச்சு போனவர்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே பாடுதான்.

இடம், நாள், நேரம்

கல்யாண மண்டபம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். எதிரொலிக்கும் கூடத்தில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால், அடிபட்டவருக்கு ஒரு குரலைத் தனியே பிரித்துக் கேட்க முடியாது. இருபது நிமிடத்தில் தலைவலி வரும், அல்லது எரிந்துவிழுவார், "கூட்டத்துக்குப் போனாலே சண்டை" என்று வீட்டார் நின்றுவிடுவார்கள். தரைத்தளத்தில் ஒரு பள்ளி வகுப்பறையோ நூலகத்தின் பக்க அறையோ போதும். பார்க்க வேண்டியவை: படியில்லாத வாசல், உட்காரும் வகைக் கழிப்பறை, கைப்பிடி உள்ள நாற்காலிகள், மினுக்காத விளக்கு, ஒட்டினாற்போல் இன்னோர் அறை. அந்தப் பக்க அறையில் ஒரு பாயும் தலையணையும் கட்டாயம் வேண்டும். களைத்தவர் யாரிடமும் கேட்காமல் போய்ப் படுக்கட்டும். மைக் வேண்டவே வேண்டாம்.

கட்சி அலுவலகம், கோவில், தேவாலயம், பள்ளிவாசல் இவற்றைத் தவிர்த்தால் யாரும் தயங்க மாட்டார்கள். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது: அடையாள அட்டை உள்ள மாற்றுத்திறனாளியும் துணைக்கு வருபவரும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் டிக்கெட் இல்லாமல் வரலாம்.

மாதம் ஒரு முறை, காலை 10 மணி முதல் 11.30 வரை. காலையில்தான் மூளை தெளிவாக இருக்கும். இரண்டாவது ஞாயிறு என்று வைத்தால் முகூர்த்தமோ தேர்தலோ எது வந்தாலும் இரண்டாவது ஞாயிறுதான். மறதி உள்ளவர்களுக்கு நாளை மாற்றுவது குழுவைக் கலைப்பதற்குச் சமம். முந்தின நாள் மாலை ஒரு முறை, அன்று காலை 8 மணிக்கு ஒரு முறை நினைவூட்டுங்கள். வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பாமல் பத்து விநாடிக் குரல் பதிவாக அனுப்புங்கள். வாசிப்பு போனவர்கள் இருப்பார்கள்.

அந்த ஒன்றரை மணி நேரம்

எல்லாருக்கும் சட்டையில் குத்தும் பெயர் அட்டை, இரண்டு விரல் உயர எழுத்தில். பழகியவர்களுக்கும் வேண்டும். "என்னைத் தெரியுதா?" என்று கேட்டுச் சோதிக்கும் கெட்ட பழக்கத்தை இந்த அட்டை தடுக்கும். சுவரில் ஒரு சார்ட்டில் அன்றைய நிகழ்ச்சி மூன்றே வரியில்.

முதல் பத்து நிமிடம் வந்தவர்களை உட்கார வைப்பதற்கு. பிறகு ஐம்பது நிமிடம் இரண்டு அறையாகப் பிரிய வேண்டும்: அடிபட்டவர்கள் ஓர் அறையில், பார்த்துக்கொள்பவர்கள் ஓர் அறையில். குழு பிழைப்பதும் சாவதும் இந்தப் பிரிவில்தான். கணவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்தப் பெண்ணும் "ராத்திரி அடிக்கிறார்", "பிள்ளை அவரைப் பார்த்துப் பயப்படுது" என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். அவரும் மனைவி முன்னால் "எனக்குப் படுக்கையிலிருந்து எழுந்திருக்கவே பிடிக்கல" என்று சொல்ல மாட்டார். அதன்பின் கால்மணி எல்லாரும் ஒன்றாக. மீதி நேரம் மெதுவாகக் கிளம்புவதற்கு.

பார்த்துக்கொள்பவர்களின் அறையில் நடத்துனருக்கு ஒரே விதி: அறிவுரை சொல்பவரை நிறுத்துங்கள். "பொறுமையா இருங்கம்மா" என்ற வாக்கியத்தை அந்தப் பெண் ஆயிரம் முறை கேட்டிருப்பாள். அதற்குப் பதில், "உங்க வீட்டில் கோபம் எந்த நேரத்தில் வருது?" என்று சுற்றிவரக் கேளுங்கள். பதில்களைப் பலகையில் எழுதினால் ஒரு வடிவம் தெரியும்: சாயங்காலம், பசி, டிவியும் குழந்தையும் சேர்ந்து சத்தம், இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேள்வி கேட்பது. தூண்டுதல் தெரிந்துவிட்டால் பாதிச் சண்டையை முன்கூட்டியே தவிர்க்கலாம். வலிப்புக்கான சில மாத்திரைகளே எரிச்சலைக் கூட்டும், லெவெடிராசிடம் அப்படிப்பட்டது. மருந்து மாற்றிய பின் கோபம் ஏறியிருந்தால் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். தானாக நிறுத்தக்கூடாது. திடீரென நிறுத்தினால் தொடர் வலிப்பு வரலாம். அடி, தற்கொலைப் பேச்சு என்று வந்தால் அது அடுத்த மாதக் கூட்டம் வரை காத்திருக்கிற விஷயமில்லை. அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ம் பெண்கள் உதவி எண் 181-ம் எல்லா வீட்டுச் சுவரிலும் இருக்கட்டும்.

அடிபட்டவர்களின் அறையில் மூன்று பேருக்கு ஒரு தன்னார்வலர் வேண்டும். பள்ளிக்கூட வினாடி வினா போல் ஞாபகப் போட்டி நடத்தாதீர்கள். நாற்பது வயது மேஸ்திரியை ஒன்றாம் வகுப்புப் படம் பார்த்துப் பெயர் சொல்லச் சொல்வது அவமானம். வீட்டில் திரும்பச் செய்ய வேண்டிய வேலையையே செய்யச் சொல்லுங்கள்: நூறு ரூபாய்க்கு 37 ரூபாய்ச் சாமான் வாங்கினால் மீதி எண்ணுவது, பேருந்துப் பலகை படிப்பது, பூத் தொடுப்பது, உப்புமா கிண்டுவது. உப்புமாவை ஏழு படியாகப் பிரித்து ஏழு அட்டையில் எழுதி, ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டே போக வேண்டும். செய்யத் தெரிந்தவர்கூட அடுத்து என்ன என்று நின்றுவிடுவார், அந்த இடத்தில் அட்டை கைகொடுக்கும்.

ஞாபக நோட்டு

குழு செய்யக்கூடிய மலிவான, மிகப் பயனுள்ள காரியம் இது. சட்டைப் பையில் அடங்கும் நோட்டு, அதில் கயிறு கட்டிய பேனா. முதல் பக்கம் பெயர், வீட்டு எண், மாத்திரைப் பெயர், நேரம். பின்பக்கத்திலிருந்து ஆள்களின் பெயரும் உறவும், முடிந்தால் சிறு படத்துடன். நடுவில் ஒரு நாளைக்கு ஒரு பக்கம்: மேல்பாதியில் இன்று செய்ய வேண்டியவை, ஐந்துக்கு மேல் கூடாது, கீழ்ப்பாதியில் செய்தவை.

நோட்டைக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. அது இருப்பதையே அவர் மறந்துவிடுவார். முதல் ஆறு வாரம் காலைக் காப்பி, மதியச் சாப்பாடு, இரவு மாத்திரை என மூன்று வேளையும் வீட்டில் ஒருவர் "நோட்டைப் பாருங்க" என்று மட்டும் சொல்ல வேண்டும். பதிலைச் சொல்லித் தரக்கூடாது. கை தானாகப் பைக்குப் போகும்வரை இது தொடர வேண்டும்.

குழுவில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஆபத்துகள்

கூட்டத்தில் மிக்சரும் டீயும் கொடுப்பது நம் வழக்கம். தலைக்காயத்துக்குப் பிறகு விழுங்குவதில் தடுமாற்றம் உள்ளவர்களுக்கு இரண்டுமே அபாயம். மிக்சர், நிலக்கடலை போன்ற உதிரிகள் மூச்சுக்குழாயில் போகும். தண்ணீர், டீ போன்ற நீர்த்த பானங்கள் விழுங்கும் முன்பே தொண்டையில் வழுக்கி இறங்கும். ரசம் சாதம் மெல்லியதும் கெட்டியும் கலந்தது என்பதால் இன்னும் கடினம். சாப்பிட்டதும் இருமுபவர், குரல் ஈரமாக மாறுபவர் யாரென்று வீட்டாரிடம் முன்பே கேட்டு வையுங்கள். பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளர் சொன்ன பதத்தில், நிமிர்ந்து உட்கார்ந்து, பேசாமல் சாப்பிடட்டும். கூட்டத்துக்குப் பொதுவாகக் கெட்டியான கேழ்வரகுக் கஞ்சியும் வாழைப்பழமும் வைத்தால் பெரும்பாலோருக்கு ஒத்துவரும்.

மூளை வீக்கத்துக்காக மண்டை ஓட்டின் ஒரு துண்டை எடுத்தவர்கள் வருவார்கள். நம் ஊரில் பல மருத்துவமனைகளில் அந்த எலும்பை வயிற்றுத் தோலுக்கு அடியில் பத்திரப்படுத்தி வைத்துப் பின்னால் பொருத்துவார்கள். அதுவரை தலையின் அந்தப் பக்கம் தோல் மட்டும்தான் காப்பு. அவர் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கக்கூடாது, எழுந்து நடக்கும்போது டாக்டர் சொன்ன தலைக்கவசம் வேண்டும், யாரும் தொட்டுப் பார்க்கக்கூடாது. குழந்தைகள் விளையாடும் கூட்டமாக இருந்தால் சுவரோரம் அவர் இருக்கையைப் போடுங்கள்.

வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிக்க ஓடி வருவார்கள். இரும்பு எதையும் நிறுத்தாது. பல்லுக்குள் கரண்டி வைப்பது பல்லைத்தான் உடைக்கும். சுற்றியுள்ள நாற்காலிகளை விலக்கி, தலைக்கு அடியில் துணி வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்பும் முன் அடுத்தது வந்தால் 108. அவர் முழுதாகத் தெளியும்வரை தண்ணீர் கூடாது. இதை ஆண்டுக்கு இரண்டு முறை எல்லாரும் செய்து பார்க்க வேண்டும், வாயால் சொன்னால் நிற்காது.

தலைவலி நாளுக்கு நாள் கூடுவது, வாந்தி, வழக்கத்தை விட அதிகத் தூக்கம், புதிதாகக் கை கால் இழுப்பது: இவை ஆறிய காயத்தின் மிச்சம் என்று சொல்லித் தள்ளிப்போடக் கூடாது. முதியவர்களுக்குச் சின்ன அடிபட்டுச் சில வாரம் கழித்துக்கூட மூளையைச் சுற்றி இரத்தம் சேரும். அன்றே ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தெருவைத் தயார் செய்வது

மாதத்தில் ஒன்றரை மணி நேரம் குழு பார்த்துக்கொள்கிறது; மீதி நேரமெல்லாம் தெருதான். தள்ளாடி நடந்து குழறிப் பேசுபவரைக் குடிகாரர் என்று கண்டக்டர் இறக்கிவிடுவதும், இரவு ரோந்துப் போலீஸ் விசாரிப்பதும் சாதாரணமாக நடப்பவை. இதற்கு ஒரு கைச்சீட்டு: "எனக்குத் தலையில் அடிபட்டிருக்கிறது. குடித்திருக்கவில்லை. மெதுவாக, ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்ல நேரம் கொடுங்கள். அழைக்க வேண்டிய எண்: ..." லேமினேட் செய்து கழுத்துக் கயிற்றில் மாட்டாதீர்கள், பர்சில் வையுங்கள். கழுத்தில் தொங்கினால் ஊரே பார்க்கும், அவர் கழற்றி எறிந்துவிடுவார்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஐந்து பேர் வளையம் ஒன்று போடுங்கள். சொந்தக்காரர்களிடம் "ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க" என்று சொல்ல விடாதீர்கள், எந்தப் பெண்ணும் கேட்க மாட்டாள். வேலையை நீங்களே துண்டுபோட்டு நேரத்தோடு கொடுங்கள். செவ்வாய் மாலை 5 முதல் 6 வரை மாமா அடிபட்டவரை நடக்கக் கூட்டிப் போகிறார். எதிர்வீட்டு அக்கா வெள்ளிக்கிழமை மூன்று மணி நேரம் வீட்டில் வந்து இருக்கிறார். அந்த நேரத்தில் அடிபட்டவரின் மனைவி தூங்கலாம், பேங்குக்குப் போகலாம், சும்மாவும் இருக்கலாம். அடிபட்டவர் தனியாக வந்தால் டீக்கடைக்காரர் ஒரு போன் போடுகிறார். பழைய நண்பர்களில் ஒருவர் மட்டும் வண்டிச் சாவிக்கும் மதுவுக்கும் பொறுப்பு: "ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வாடா" என்று இரண்டுக்கும் கூப்பிடுவது பெரும்பாலும் நண்பர்கள்தான். மது வலிப்பைத் தூண்டும். ஓட்டலாம் என்று டாக்டர் எழுத்தில் தரும்வரை ஓட்டக்கூடாது.

புதிதாகப் பார்த்துக்கொள்ள வருபவர் முதல் மூன்று முறை வீட்டார் இருக்கும்போதே வரட்டும். அடிபட்டவர் பெண் என்றால் வளையத்தில் பெண்களே இருக்க வேண்டும், அவரோடு ஒருவரைத் தனியே விடுவது குழுவில் இருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காகிதங்கள்

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரே மாதிரிக் கோப்பு: டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் அறிக்கை, விபத்துப் பதிவேட்டு நகல், முதல் தகவல் அறிக்கை, மருந்துச் சீட்டு, ஆதார், வங்கிப் புத்தகம், எல்லாம் மூன்று நகல்.

முதலில் பார்க்க வேண்டியது தேதி. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தப்படி, மோட்டார் விபத்து இழப்பீட்டு மனுவை விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். ஐசியூ, வீடு, பிசியோ என்று அலைவதில் அந்த ஆறு மாதம் போய்விடும். கெடு தாண்டியிருந்தாலும் விட்டுவிடாமல் வழக்கறிஞரிடம் காட்டச் சொல்லுங்கள். மோதிய வண்டி தெரியாமல் போயிருந்தாலும் படுகாயத்துக்கு 50,000 ரூபாய் மத்திய அரசுத் திட்டத்தில் உண்டு. வருவாய்த் துறை வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிச் சான்றில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் தலைக்காயம் என்று தனியாக ஒன்று இல்லை. கை கால் இழுத்திருந்தால் இயக்கக் குறைபாடு, பேச்சு போயிருந்தால் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு என்று வாங்கலாம். மறதியும் நடத்தை மாற்றமும் மட்டும் இருந்தால்? சட்டத்தில் மனநோய்க்கான விளக்கத்திலேயே நினைவு, சிந்தனை ஆகியவற்றின் கடுமையான கோளாறு சொல்லப்பட்டிருக்கிறது. அந்தப் பெயருக்கு வீட்டார் கூசுவார்கள். ஆனாலும் திறந்திருக்கிற கதவு அதுதான், பெயரை விட, சலுகைகளுக்குத் தேவையான 40 சதவீதக் குறைபாடு என்ற எண் முக்கியம் என்று எடுத்துச் சொல்லுங்கள். ஒன்றுக்கு மேல் குறைபாடு இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்து மதிப்பிடக் கேட்க வேண்டும்.

மருத்துவக் குழு முன்னால் பத்து நிமிடம் உட்காரும்போது இவர்கள் நன்றாகவே பேசுவார்கள். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு டாக்டர்" என்பார்கள், தன் குறை தனக்கே தெரியாமல் போவதும் இந்தக் காயத்தின் ஒரு பகுதி. அதனால் முந்தைய இரண்டு வாரத்துக்கு ஒரு நாட்குறிப்பு எழுதி எடுத்துப் போங்கள்: எத்தனை முறை நினைவூட்டிய பின் குளித்தார், அடுப்பை எத்தனை முறை அணைக்க மறந்தார், காசு எண்ணத் தெரிந்ததா, யாரிடம் சண்டை. "ரொம்ப மறதி" என்று சொல்வதற்கு எடை கிடையாது, "14 நாளில் 9 நாள் மாத்திரையை இரண்டு முறை கேட்டார்" என்பதற்கு உண்டு. சான்று மறுக்கப்பட்டால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் குழுவாகப் போய் மனு கொடுங்கள்.

சொத்து, வங்கிக் கையெழுத்துச் சிக்கல் வந்தால் அதே 2016 சட்டத்தின் 14-ஆம் பிரிவில், குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டுமான வரையறுக்கப்பட்ட பாதுகாவலரைக் கேட்கலாம். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கானது. தலைக்காயத்தை மட்டும் காட்டி அந்தக் கதவைத் தட்டினால் திருப்பி அனுப்புவார்கள்.

பணமும் பொறுப்பும்

முதல் ஆறு மாதம் குழுவுக்கு வங்கிக் கணக்கு, பதிவு, பேனர் எதுவும் வேண்டாம். சீட்டு அச்சு, நோட்டு, கஞ்சி: இவற்றை இரண்டு மூன்று பேர் பகிர்ந்துகொள்ளலாம். காசு வாங்கிய மறுமாதமே கணக்குச் சண்டை வரும், அதில் குழு போய்விடும். ஓராண்டு நின்று நடந்தால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் சேர்ந்து பதிவு செய்யலாம். இழப்பீட்டு வழக்குக்குக் கமிஷன் பேசும் ஆள்களும், மூளை வளர எண்ணெயும் ஊசியும் விற்பவர்களும் முதல் வருடத்திலேயே மோப்பம் பிடித்து வருவார்கள். கூட்டத்தில் யாரும் எதையும் விற்கக்கூடாது என்று முதல் நாளே சார்ட்டில் எழுதி ஒட்டுங்கள்.

ஒரே ஆள் சாவி, போன், பதிவேடு மூன்றையும் வைத்திருந்தால் அவர் களைத்த அன்று குழுவும் நிற்கும். மூன்றும் மூன்று பேரிடம் இருக்கட்டும், அதில் ஒருவர் அடிபட்டவராகவே இருக்கட்டும். பதிவேட்டை அவரிடம் கொடுத்தால் நோட்டுப் பழக்கமும் சேர்ந்து வளரும். அந்தப் பதிவேட்டில் தொடர்ந்து இரண்டு மாதம் வராத வீடு என்று ஒரு பெயர் வந்தால் போன் செய்யாதீர்கள். போனில் "நல்லா இருக்கோம்" என்றுதான் சொல்வார்கள். இரண்டு பேராக, ஒரு பெண் கட்டாயம் உட்பட, அந்த வாரமே நேரில் போங்கள்.